குளிர்காலத் தொட்டியில் சால்வியா: நோயாளிகள் பூச்செடி வளர்க்கும்போது கவனிக்க வேண்டியவை

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் நோயாளிகள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "தோட்ட வேலை செய்யலாமா?" என்பதாகும். அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா பகுதிகளிலிருந்து வருவோரிடம் இக்கேள்வி மிகுதி. நிலமும் கொல்லையும் உடையவர்கள் அவர்கள். நிலம் இல்லாதவர் வீட்டிலும் வாசலில் நான்கு தொட்டிகளாவது இருக்கும். பலர் இதனை மருத்துவரிடம் கேட்பதற்குத் தயங்கி, வீட்டுக்குச் சென்றபின் தாமே ஒரு முடிவுக்கு வருகின்றனர். சிலர் அஞ்சி மண்ணையே தொடுவதில்லை. சிலர் மறுநாளே வெறுங்காலுடன் களையெடுக்க இறங்கிவிடுகின்றனர். இவ்விரண்டும் வேண்டியதில்லை.

எங்கள் விடை இதுதான்: பெரும்பாலானோர் செய்யலாம், செய்வது நன்று. ஆனால் கை, கால், நீர், காய்ச்சல் ஆகிய நான்கிலும் கவனம் வேண்டும். இதனை விளக்குவதற்குச் சால்வியா என்னும் பூச்செடியை எடுத்துக்கொள்கிறோம். இது சிறு தொட்டியில் வளரும்; பளு தூக்கவோ ஆழமாகத் தோண்டவோ தேவையில்லை; முள் இல்லை; விதைத்த மூன்று மாதத்துக்குள் பூத்துவிடும். அத்துடன், நம் பகுதியில் இச்செடி செழிக்கும் ஐப்பசி முதல் தை வரையிலான மாதங்களே மண்ணையும் ஈரத்தையும் சார்ந்த சில நோய்கள் மிகும் மாதங்களுமாகும். ஆகவே செடியைப் பற்றியும் உடலைப் பற்றியும் சேர்த்தே கூறுவது பொருந்தும் எனக் கருதுகிறோம்.

சால்வியா எத்தகைய செடி?

துளசி, புதினா, கற்பூரவல்லி, தும்பை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது சால்வியா. தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டைகளாக இருப்பதை உணரலாம். இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். பூவிதழ் மேலுதடு, கீழுதடு என இரண்டாகப் பிரிந்திருக்கும். உலகில் ஏறத்தாழ 1,000 சால்வியா இனங்கள் உள்ளன. அவற்றுள் நம் வீடுகளுக்கு ஏற்றவை மூன்று.

முதலாவது, நாற்றங்கால்களில் பெரும்பாலும் கிடைக்கும் சிவப்புச் சால்வியா. பிரேசில் நாட்டைத் தாயகமாகக் கொண்டது. இதன் பூவைத் தாங்கும் புல்லிவட்டமும் சிவப்பாகவே இருப்பதால், இதழ் உதிர்ந்த பின்னும் பல நாட்கள் கொத்து சிவந்தே நிற்கும். இரண்டாவது, நீலச் சால்வியா. அமெரிக்காவின் டெக்சாஸ், மெக்சிகோ பகுதிகளுக்கு உரியது. கதிர்போல நீண்ட நீலப் பூங்கொத்துகளைத் தரும்; முதல் வகையைவிட வெப்பத்தைத் தாங்கும். மூன்றாவது, தளர்வான மெல்லிய சிவப்புக் கொத்துகளை உடைய காட்டுச் சால்வியா. இதுவும் வெப்பத்தைத் தாங்கும். விதை உதிர்ந்து தானே முளைக்கும் இயல்புடையது. உதகை, கொடைக்கானல் தோட்டங்களில் காணும் மென்மயிர் படர்ந்த ஊதா நிறச் சால்வியா மலைக் குளிருக்கு உரியது. அதனை நம் சமவெளியில் வளர்க்க முயல்வது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் பூச்செடி வைக்கலாமா என அஞ்சுவதுண்டு. சால்வியாவின் மகரந்தம் காற்றில் பரவுவதன்று. தேனீயும் தேன்சிட்டும் சுமந்து செல்வது. பல சால்வியா இனங்களில் மகரந்தத்தாள் ஒரு நெம்புகோல்போல அமைந்துள்ளது. தேனீ உள்ளே தலையை நுழைத்ததும் அது தாழ்ந்து தேனீயின் முதுகில் மகரந்தத்தை அப்பிவிடும். ஜெர்மானிய அறிஞர் ஸ்பிரெங்கல் பூக்களுக்கும் பூச்சிகளுக்குமுள்ள இத்தகைய உறவுகளை 1793இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். எனவே இச்செடியால் மூச்சிரைப்பு தூண்டப்படும் வாய்ப்பு குறைவு. நம் பகுதியில் ஒவ்வாமைக்கு அஞ்ச வேண்டியது சாலையோரத்தில் வெண்பூக்களுடன் நிற்கும் பார்த்தீனியம் என்னும் விஷச்செடியே. அது தோல் அழற்சியையும் மூக்கு ஒவ்வாமையையும் உண்டாக்கும். அதனை வெறுங்கையால் பிடுங்கலாகாது. தேனீ கொட்டிக் கடும் ஒவ்வாமைக்கு உள்ளானவர் எவரேனும் வீட்டில் இருப்பின், பூந்தொட்டிகளை அவருடைய சன்னலுக்கும் இருக்கைக்கும் தொலைவில் வைக்க வேண்டும்.

எப்போது விதைப்பது?

உதகை அரசு தாவரவியல் பூங்காவில் மே மாத மலர்க் கண்காட்சிக்குத் தொட்டி தொட்டியாகப் பூச்செடிகளை அடுக்குகின்றனர். அவற்றுள் சால்வியாவும் இருக்கும். அதனைக் கண்டு திரும்புவோர் அதே மாதத்தில் இங்கும் நட்டுவிட்டு, செடி கருகியதும் மனம் வருந்துகின்றனர். குறை அவர்கள் கையில் இல்லை, காலத்தில் உள்ளது. உதகை கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே உள்ளது. வேலூர் மாவட்டச் சமவெளியிலோ மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மலைக்குக் கோடை எப்படியோ, அப்படி நமக்கு மார்கழியும் தையும்.

ஆகவே புரட்டாசியில் விதைக்க வேண்டும். அவ்வாறு விதைத்தால் மார்கழியில் பூக்கும்; மாசி வரை நிற்கும். நீலச் சால்வியாவைப் பூத்து ஓய்ந்ததும் பாதியளவு வெட்டிவிட்டால் மீண்டும் தழைத்துப் பங்குனியிலும் பூக்கும். ஜவ்வாது மலையின் மேலுள்ள பீஞ்சமந்தை போன்ற ஊர்களில் குளிர் மிகுதியாதலால் இக்காலம் இன்னும் சற்று நீளும்.

மண்ணும் நாற்றும்

செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு எனக் கலந்தால் போதும். தோல் பதனிடும் ஆலைகளின் கசடோ, சுத்திகரிப்பு நிலையத்தின் சேறோ இலவசமாகக் கிடைக்கிறது என்று எவரும் உரமாகப் பயன்படுத்தலாகாது. குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடுவதால் அக்கசடில் குரோமியம் தங்கியிருக்கும். பூச்செடித் தொட்டிக்கென்று கொண்டுவரும் மண் பின்னர் கீரைப் பாத்திக்கும் சென்றுவிடுவது வழக்கம்.

உரமூட்டையைப் பிரிக்கும்போது எழும் தூசியை மூச்சில் இழுக்காமலிருப்பது நன்று. மக்கிய பொருளில் பூஞ்சை வித்துகள் மிகுதியாக இருக்கும். முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில், சிறிது நீர் தெளித்த பின்னரே கிளற வேண்டும்.

விதைகளை மண்ணுக்கு அடியில் புதைக்க வேண்டாம். சிவப்புச் சால்வியா முளைப்பதற்கு வெளிச்சம் வேண்டும். ஈர மண்ணின்மேல் தூவி, விரலால் மெல்ல அழுத்தினால் போதும். நனைந்ததும் சில விதைகளைச் சுற்றி சப்ஜா விதையைப் போல் வழவழப்பான படலம் உண்டாகும், அது இயல்பே. ஏறத்தாழ 10 முதல் 15 நாட்களில் முளைக்கும். அடைமழைக் காலமாதலால் நாற்றுத் தட்டைத் தாழ்வாரத்தின் கீழ் வைக்க வேண்டும். மழை நேரே விழுந்தால் நாற்றழுகல் வரும். நான்கைந்து இலை வந்ததும் ஒரு தொட்டிக்கு ஒரு நாற்று என மாற்றி நடலாம். செடி ஒரு சாண் உயரமானதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகிக் கொத்துகள் அதிகமாகும்.

விதை தூவுதலும் நாற்றுக் களைதலும் நுனி கிள்ளுதலும் விரல்களுக்குரிய சிறு வேலைகள். பக்கவாதத்திற்குப் பின் கையின் செயல் மீண்டு வருவோருக்கு இவை நல்ல பயிற்சியாக அமையக்கூடும். எவ்வளவு நேரம், எந்தக் கையால் என்பதை உங்கள் இயன்முறை மருத்துவரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

நீர்: நம் பகுதிக்குரிய சிக்கல்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றங்கரை நெடுகத் தோல் தொழில் பரவியுள்ளது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிட்டு வைப்பர். பதனிடுவதற்கு முன் அதனை ஊறவைத்துக் கழுவும்போது அவ்வுப்பு அனைத்தும் நீரில் இறங்கும். அந்நீர் பல்லாண்டுக் காலம் நிலத்திலும் ஆற்றிலும் கலந்ததன் விளைவு, பல ஊர்களின் கிணற்று நீரில் இன்றும் கரைந்துள்ளது. மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பில் வலியுறுத்தியது. அத்தீர்ப்பு நம் வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் வந்ததே.

சால்வியா உப்பைத் தாங்காத செடி. நாற்றுப் பருவத்தில் சிறிதும் தாங்காது. இலை விளிம்பு பழுப்பாகிக் கருகுதல், தொட்டி விளிம்பிலும் மண்மேலும் வெண்பொடி படிதல் ஆகியவை உப்பு மிகுந்ததன் அடையாளங்கள். இதனைக் கண்டு, "நீர் போதவில்லை" என்று மேலும் அதே நீரை ஊற்றுவோர் பலர். செய்ய வேண்டியது, மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துவது. அரிசியும் காய்கறியும் கழுவிய உப்பிடாத நீரும் ஏற்றது. குடிநீருக்கென வீட்டில் வைத்துள்ள ஆர்.ஓ. இயந்திரம் வெளித்தள்ளும் நீரில் உப்பு மேலும் செறிந்திருக்கும். அதனை வீணாக்க மனமின்றிச் செடிக்கு ஊற்றுவது செடிக்குத் தீங்கு. தரை கழுவவும் கழிப்பறைக்கும் அதனைப் பயன்படுத்தலாம்.

செடியின் இலை காட்டும் இவ்வடையாளம் வீட்டாருக்கும் ஒரு செய்தியாகும். அந்நீரையே குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துவதாயின், உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உடையவர்கள் அதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். உணவில் உப்பைக் குறைத்துவிட்டு நீரில் உப்பை உட்கொண்டால் பயன் குறையும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கலாகாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய தெளிந்த நீரிலேயே முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே போதும். எனவே வாரம் ஒரு முறையேனும் தட்டைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். நாரினால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பூச்சியும் பூச்சிமருந்தும்

வெள்ளை ஈ, அசுவினி, செஞ்சிலந்தி ஆகியவை சால்வியாவைத் தாக்கும். இலையின் அடிப்பக்கத்தில் நீரை வேகமாகப் பீச்சினாலே பாதி நீங்கிவிடும். மிகுந்தால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். வேப்பெண்ணெயும் குழந்தைகள் குடித்தால் வலிப்பு வரை கொண்டுசெல்லும் நஞ்சே. எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நான்கு தொட்டிப் பூச்செடிக்காக வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது எங்கள் உறுதியான வேண்டுகோள். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்த மருந்தைக் குழந்தை குடித்துவிட்டது என்று வருவோரும், மனம் உடைந்த ஒரு நொடியில் கைக்கெட்டிய புட்டியை எடுத்தவர்களும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகின்றனர். அந்நொடியில் அது வீட்டில் இல்லாதிருந்தால் பலர் பிழைத்திருப்பர். நீண்டநாள் நோயால் சோர்ந்திருப்பவர் உள்ள வீட்டில் இது இன்னும் முதன்மையானது.

கை

மண்ணைத் தொடும் வேலைக்குக் கையுறை வேண்டும். தோல் தொழில் நடக்கும் ஊர்களாதலால் இங்குத் தோல் கையுறை எளிதில் கிடைக்கும். ஆனால் ஆலையில் பல்லாண்டு பணிபுரிந்தவர்கள் சிலருக்குக் குரோமியத்தால் தோல் அழற்சி ஏற்பட்டிருக்கும். குரோமியத்தால் பதனிட்ட தோலுறை வியர்வையில் நனையும்போது அதே பொருள் சிறிதளவு வெளிவந்து அழற்சியை மீண்டும் தூண்டும். சிமென்ட் வேலை செய்து கையில் வெடிப்பும் அரிப்பும் கண்டவர்களுக்கும் இது பொருந்தும். சிமென்டிலும் குரோமியம் உண்டு. இத்தகையோர் மெல்லிய பருத்திக் கையுறைமேல் நைட்ரைல் அல்லது பிளாஸ்டிக் கையுறை அணிய வேண்டும்.

கீறல் பட்டால் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவுங்கள். மஞ்சள், சாணம், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்க வேண்டாம். இரணஜன்னி எனும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் உள்ளன. 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை தடுப்பூசி வேண்டும். காயம் ஆழமாகவோ அழுக்காகவோ இருந்து, கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் போட வேண்டும். உங்கள் கடைசி ஊசி எப்போது என்பது நினைவில்லையெனில் அடுத்த முறை வரும்போது கேளுங்கள்.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்வோர் கத்தரிக்கோலைக் கவனமாகக் கையாள வேண்டும். இரத்தக்கசிவு 10 நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிடில் மருத்துவமனைக்கு வர வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்வோர், இரத்தக்குழாய் இணைப்பு உள்ள கையால் தொட்டியைத் தூக்கலாகாது.

கால்

நீரிழிவு நோயாளிகளில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கல்லோ கண்ணாடித் துண்டோ குத்தியது அவர்களுக்குத் தெரியாது. நான்காம் நாள் வீட்டிலுள்ள ஒருவர் தரையில் கறையையோ நாற்றத்தையோ கண்டு சொல்லும்போதுதான் புண் வெளிப்படும். அதற்குள் கிருமி எலும்புவரை சென்றிருக்கக்கூடும். எங்களிடம் விரலையோ பாதத்தையோ இழந்தவர்களுள் பலரின் கதை இவ்வாறு ஒரு சிறு காயத்தில் தொடங்கியதே.

ஆகவே, தொட்டிக்கு நீர் ஊற்ற இரண்டு நிமிடம் வெளியே செல்வதானாலும் மூடிய செருப்பு அணிய வேண்டும். அணியுமுன் அதனைத் தட்டி உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். கல்லும் இருக்கலாம், தேளும் இருக்கலாம். வேலை முடிந்ததும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள். பார்வை மங்கியவராயின் வீட்டிலுள்ள மற்றவர் பார்க்க வேண்டும். இது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய கடமை.

மழைக்காலத்தில் இன்னொரு காரணமும் உண்டு. மெலியோய்டோசிஸ் என்னும் நோயின் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. காயத்தின் வழியாகவோ மூச்சின் வழியாகவோ உடலுள் புகும். நீரிழிவு உடையோரையே மிகுதியும் தாக்கும்; சிறுநீரக நோய் உள்ளவர்களையும் மிகுதியாக மது அருந்துவோரையும் தாக்கும். நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். காசநோய் போலத் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு. இதற்கு மருந்து உண்டு. ஆனால் சில மாதங்கள் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். நீரிழிவு உடையவர் காய்ச்சலுடன் வரும்போது, "சேற்றிலும் மண்ணிலும் வேலை செய்தேன்" என்று தாமே கூறிவிட்டால், மருத்துவர் உரிய சோதனையை விரைந்து செய்ய அது துணைபுரியும்.

குளிர்காலக் காய்ச்சல்

சால்வியா பூத்திருக்கும் அதே மாதங்களில் எங்கள் பிரிவுக்கு மிகுதியாக வருவது ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல். புல்லும் புதரும் மண்டிய இடங்களில், கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் மனிதரைக் கடிப்பதால் வருவது இது. கடிக்கும்போது வலிக்காது. ஏறத்தாழ 6 முதல் 21 நாட்களுக்குப் பின் காய்ச்சல், தலைவலி, உடல்வலி தோன்றும். கடித்த இடத்தில் பீடியால் சுட்டதுபோல் ஒரு கரும்பொருக்கு இருக்கலாம். அது வலியற்றது, அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ், பாவாடை நாடாவோ அரைஞாணோ படும் இடுப்பு, காதின் பின்புறம் போன்ற மறைவான இடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். எல்லோருக்கும் அது தோன்றுவதுமில்லை.

தொடக்கத்திலேயே கண்டறிந்தால் விலை குறைந்த மாத்திரைகளால் குணமாகும். காலம் தாழ்ந்தால் நுரையீரல், மூளை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவை பாதிக்கப்பட்டு உயிருக்கு ஆபத்து நேரும். ஆகவே வீட்டாருக்கு நாங்கள் கூறுவது: காய்ச்சல் மூன்று நாட்களைக் கடந்தால், அல்லது மூச்சுத்திணறலோ குழப்பமோ தோன்றினால், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கித் தந்து காத்திராதீர்கள். பெண்களும் முதியோரும் மறைவிடத்துப் பொருக்கைக் கூச்சத்தால் கூறாமலிருப்பர். மருத்துவர் உடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்பது இதற்காகவே. வீட்டிலேயே குளிக்கும்போது பார்த்துவிட்டு வந்து சொன்னாலும் போதும். குறைந்த வெள்ளணுக்களுடன் சிகிச்சை பெறுவோரும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும் மூன்று நாள் காத்திருக்கலாகாது. காய்ச்சல் கண்ட அன்றே வர வேண்டும்.

தடுப்பு எளியது. தொட்டிகளைப் புதரோரத்தில் வைக்காமல் சிமென்ட் தளத்திலோ மொட்டைமாடியிலோ வையுங்கள். சுற்றிலும் புல்லை ஒட்ட வெட்டுங்கள். துவைத்த துணியைச் செடிகள்மேல் உலர்த்தாதீர்கள். புல்தரையில் அமரவோ படுக்கவோ வேண்டாம். தோட்ட வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளித்து, அணிந்த உடையைத் துவைக்கப் போடுங்கள். உடைந்த தொட்டிகளையும் செங்கற்களையும் மூலையில் குவித்து வைத்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். மாலை இருட்டியபின் செடிகளிடையே கைவிட வேண்டாம். பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், அந்த உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

எவர் காத்திருக்க வேண்டும்?

புற்றுநோய் மருந்துகளால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களிலும், உறுப்பு அல்லது எலும்பு மச்சை மாற்றத்திற்குப் பின் முதல் சில மாதங்களிலும் மண், உரம், பூச்சாடி நீர் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். அவ்வகை நோயாளிகளின் வார்டில் பூக்களை அனுமதிக்க மறுப்பது இதனால்தான். அன்புடன் கொண்டுவந்ததை வாயிலில் திருப்பி அனுப்புவது எங்களுக்கும் வருத்தமே. எப்போது மீண்டும் தொடலாம் என்பதை உங்கள் மருத்துவர் கூறுவார்.

மார்பெலும்பைப் பிளந்து செய்யும் இதய அறுவைக்குப் பின் எலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்கள் ஆகும். வயிற்று அறுவை, குடலிறக்க அறுவை செய்துகொண்டோருக்கும் காலவரம்பு உண்டு. அதுவரை மண் நிறைந்த தொட்டியைத் தூக்கவோ இழுக்கவோ வேண்டாம். முழங்கால் மூட்டு மாற்றியவர்கள் குந்தி அமராமல், தொட்டிகளை இடுப்பளவு உயரமுள்ள பலகையில் வைத்து, நாற்காலியில் அமர்ந்து பணிபுரியலாம். இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோர் குனிந்திருந்து சட்டென எழுந்தால் தலை சுற்றும்; மெல்ல எழ வேண்டும். எவராயினும் காலை 9 மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது நன்று.

இன்னொன்றையும் கூற வேண்டும். சால்வியா என்னும் பெயர், உடல்நலத்தோடு இருத்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பியர் சமையலிலும் கைமருத்துவத்திலும் பயன்படுத்தும் ஓர் இனமும், சீன மருத்துவத்தில் பயன்படும் ஓர் இனமும் உண்டு. அவற்றைப் பற்றிப் படித்துவிட்டு வாசலிலுள்ள அழகுச் செடியின் இலையைக் கஷாயமாக்கிக் குடிக்கலாகாது. அழகுக்காக வளர்ப்பது வேறு இனம். மருந்தினங்களும் தீங்கற்றவை அல்ல. சீன இனத்தின் வேர், செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டோர் உட்கொள்ளும் வார்ஃபரின் மருந்தின் விளைவை மிகுத்து இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியது. இக்குடும்பத்துச் செடிகளை அறிந்த நம் மக்களுக்குத் துளசியும் கற்பூரவல்லியும்போல இதுவும் என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் எதை உட்கொள்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

படுத்திருப்போர்க்கு

எழுந்து நடக்க இயலாதவர் உள்ள வீடுகளில் செடியை வளர்ப்பது பராமரிப்பவரின் வேலையாகும். அதற்கும் பயன் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ராஜர் உல்ரிக் என்பவர் ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர் 23 பேரையும், செங்கற்சுவரை மட்டும் கண்டவர் 23 பேரையும் அவர் ஒப்பிட்டார். மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். வலிமை மிக்க வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அது சிறிய ஆய்வு. பூச்செடி நோயைக் குணமாக்கும் என்று அது கூறவில்லை. நாங்களும் கூறவில்லை. மருந்தை நிறுத்திவிட்டுத் தோட்டத்தை நாட வேண்டாம்.

ஆயினும் படுக்கையிலிருந்து பார்த்தால் தெரியுமாறு சன்னலுக்கு வெளியே ஒரு பலகையில் இரண்டு தொட்டிகளை வைப்பது பெரிய செலவன்று. காலை வெயில் நான்கைந்து மணி நேரம் படும் இடமாக இருந்தால் போதும். காய்ந்த கொத்துகளை நாள்தோறும் கிள்ளிவிட்டால் புதிய கொத்துகள் தொடர்ந்து வரும். தேன்சிட்டு வரத் தொடங்கினால் நோயாளிக்குக் காலையில் எதிர்நோக்குவதற்கு ஒன்று இருக்கும். பராமரிப்பவர்க்கும், மருந்து கொடுத்தல், புரட்டிப் படுக்கவைத்தல் ஆகியவற்றுக்கிடையே பத்து நிமிடம் தமக்கென அமையும். அந்தப் பத்து நிமிடமும் தேவையானதே.

மாசி இறுதியில் சில கொத்துகளைக் கிள்ளாமல் விட்டு, காய்ந்ததும் காகித உறையில் உதிர்த்துச் சேமித்தால் அடுத்த புரட்டாசிக்கு விதை உண்டு. உறையின்மேல் விதைக்க வேண்டிய மாதத்தை எழுதி வையுங்கள். அதன் கீழேயே உங்கள் கடைசி டெட்டனஸ் ஊசியின் தேதியையும், நீரிழிவு உடையவராயின் அடுத்த பாதப் பரிசோதனையின் தேதியையும் எழுதி வைத்தால், விதையை எடுக்கும்போது அவையும் நினைவுக்கு வரும்.